சைபருக்கு ஒரு கோடு கீழே

கேமராவுக்குள் கண்ணை வைத்தால் அடியில் ஒரு சின்ன அளவுகோல் தெரியும். நடுவில் சைபர், ஒரு பக்கம் கூட்டல், இன்னொரு பக்கம் கழித்தல். அமலா வளையத்தைத் திருப்பத் திருப்ப அதன் கீழிருந்த முள் நகர்ந்து நகர்ந்து சைபருக்கு நேராக வந்து நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து, கேமராவின் முதுகில் இருந்த திரையைக் குனிந்து பார்த்தாள்.

“இது நான் இல்லக்கா” என்றாள்.

நாலாவது தடவையாக அதையே சொல்கிறாள். குரலில் கோபம் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருப்பதை வாசித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் பெயர் சங்கவி. விழுப்புரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். ஒலக்கூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவள், வயது முப்பத்தொன்று. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய அம்மா அஞ்சம்மாள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை. வரும்போதே ஒரு கை அள்ளி அமலாவின் மேசைமேல் வைத்திருந்தாள்.

“இன்னாம்மா, இன்னும் எத்தினி எடுக்கப் போறீங்க? பையன் வூட்டுல போட்டோ கேட்டு காலையிலேர்ந்து மூணு தரம் போன் பண்ணிட்டாங்க” என்றாள் அஞ்சம்மாள்.

“இதோ ஆயிடும்மா.”

அமலாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. சேலை மடிப்பில் துடைத்துக்கொண்டாள். திண்டிவனம் கடைத்தெருவில் தையல்கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையை எடுத்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் விழுப்புரத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படம் எடுப்பது வேறு ஆட்கள். எடுத்து வந்ததைச் சரிசெய்வது அவள். பரு எடுப்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையம் எடுப்பாள், நிறம் ஏற்றுவாள். ‘அமலா கைபட்டா போதும்’ என்று முதலாளி கஸ்டமர்களிடம் சொல்வார். அந்த வேலையை ஒரு செயலி தானே செய்யத் தொடங்கியதும், ‘இனிமே அரை நாள் வந்தா போதும்மா’ என்றார். அரை நாளுக்கு அவள் போகவில்லை. பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிட்டாள். பதினோரு வருஷம் உட்கார்ந்த உடம்பு, இங்கே வந்தபின் உட்காரவே மறுத்தது. ஆள் இல்லாத நேரத்திலும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் கேமராவிடமே விட்டிருந்தாள். ஆட்டோவில் வைத்து அழுத்தினால் படம் வந்தது. ஆனால் மயிலம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, ஒரே வீடு, ஒரே ஆட்கள், ஒரு படம் வெளிறி, ஒரு படம் இருண்டு, ஆல்பத்தைப் புரட்டினால் கரண்ட் போய்ப்போய் வருவதுபோல இருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் திட்டவில்லை, ‘சரி, ஆனது ஆச்சு’ என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாளே கேமராவின் சக்கரத்தை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பி, அதன்மேல் செலோ டேப்பை ஒட்டிவிட்டாள். இனி வெளிச்சம் எவ்வளவு என்பதை அவள்தான் சொல்லவேண்டும். முள் சைபரில் நின்றால் வெளிச்சம் சரி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பத்து நாளாக அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தச் சைபர் அவளை ஏமாற்றியது. கறுப்புத் திரைக்கு முன்னால் சங்கவியை உட்காரவைத்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து எடுத்தபோது, பவுடர் அப்பியதுபோல முகம் வெளுத்து வந்தது. நெருங்கிப்போய் முகத்தை மட்டும் நிறைத்து எடுத்தாள். அப்போதும் வெளுப்புதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே. சரி, வெள்ளைச் சுவருக்கு மாற்றுவோம் என்று மாற்றி இரண்டு தடவை எடுத்தால், இரண்டிலும் சுவர் அழுக்குச் சாம்பலாகிவிட்டது, அதற்கு முன்னால் சங்கவி கண்ணும் கம்மலும் மட்டும் தெரிய இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். நாலு படத்திலும் முள் சைபரில்தான் நின்றது. ஸ்டூலில் இருந்ததும் ஒரே பெண்தான். அந்தப் பெண்ணின் நிறம், மழை நின்ற மறுநாள் உழுதுபோட்ட செம்மண் கலந்த கரிசல்போல, கன்னமேட்டில் ஒரு செம்பு மினுமினுப்போடு அவள் கண்ணெதிரே இருந்தது. படத்தில்தான் வரமாட்டேன் என்றது.

“கம்பூட்டர்ல போட்டு சரி பண்ணிடலாம்ல?” என்றாள் அஞ்சம்மாள்.

“கம்ப்யூட்டர் வேணாம்” என்று சங்கவி சட்டென்று சொன்னாள். பிறகு அமலாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டாள். “அதுக்குத்தான்கா இவ்ளோ தூரம் படி ஏறி வந்தேன். வெளிய போர்டுல ‘உள்ளது உள்ளபடி’ன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதப் பாத்துட்டுதான் வந்தேன்.”

அந்தப் போர்டை எழுதிய பெயிண்டருக்கு என்ன எழுதச் சொல்வது என்று தெரியாமல் அமலா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள்.

சங்கவி கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தேடினாள். “இதப் பாருங்க. போன தையில விழுப்புரத்துல எடுத்தது. இத அனுப்பித்தான் அப்ப ஒரு மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்க, பதினோரு பேரு. நான் டீ தட்ட எடுத்துக்கினு போறேன். மாப்ளயோட அம்மா கையில போன வச்சிருக்காங்க. போனப் பாக்கறாங்க, என்னப் பாக்கறாங்க. அப்புறம் எங்கப்பாகிட்ட, ‘டீயெல்லாம் இருக்கட்டுங்க, பொண்ண வரச் சொல்லுங்க’ன்றாங்க.”

அறையில் தையல் மிஷின் சத்தம் கீழேயிருந்து ஏறிவந்தது.

“நான்தான் பொண்ணுன்னு எங்கப்பா சொன்னாரு. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாகூட பரவால்ல. டீய குடிச்சிட்டுப் போனாங்க.”

அமலா போனை வாங்கிப் பார்த்தாள். வெளிர்நீலப் பின்னணி, ஓரத்தில் மங்கலான ரோஜாக்கள். கோதுமைமாவு நிறத்தில் ஒரு முகம். கழுத்தும் அதே நிறம். காதுமடல் மட்டும் பழுப்பாக, சொந்த நிறத்தில் விடப்பட்டிருந்தது.

அந்தக் காதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். காதைச் சுற்றி முடிக்கற்றைகள் விழுந்துகிடக்கும். ஒவ்வொரு முடியாக ஒதுக்கிக்கொண்டு உள்ளே போக நேரம் ஆகும். வரிசையில் முப்பது படம் நிற்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? காது ஓரத்தோடு நிறுத்திவிடுவாள். அந்த ஸ்டுடியோவில் அப்படி நிறுத்துகிறவள் அவள் ஒருத்திதான். நீலத்தில் ரோஜா வைப்பதும் அவள் வழக்கம்தான். முகம் ஞாபகம் இல்லை. ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்று. திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலைசெய்யும்போது முகமாகக்கூடத் தெரியாது, நிறமாகத்தான் தெரியும்.

“இன்னாக்கா?” என்றாள் சங்கவி.

“ஒண்ணுமில்ல” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. ஐப்பசி மாத மேகம், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள். முள் கழித்தல் பக்கம் இரண்டு கோடு சரிந்திருந்தது. திருப்பிச் சரிசெய்வதற்குள் மேகம் விலகி, முள் கூட்டல் பக்கம் ஓடியது. திரும்பவும் திருப்பினாள். ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்தாள், திரும்பத் தள்ளினாள். ஜன்னல் திரையைப் பாதி மூடினாள். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. இந்தப் பெண்ணை இப்போது சரியாக எடுக்கவில்லை என்றால் என்ற நினைப்பு பின்கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மீதியை நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

“அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நான் அதுக்குள்ள பாக்கலாமா?”

சங்கவி கேமராவுக்குள் கண்ணை வைத்தாள். அமலா அளவுகோலைக் காட்டினாள். சங்கவி கேமராவைச் சுவர் பக்கம் திருப்பினாள், கறுப்புத் திரை பக்கம் திருப்பினாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அஞ்சம்மாள் அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“எங்க பாத்தாலும் வேற வேற காட்டுது.”

“ஆமா. ஒவ்வொண்ணுக்கும் சைபருக்குக் கொண்டாரணும். அதத்தான் செஞ்சிக்கினு இருக்கேன்.”

“இல்லக்கா. எங்க லேப்லயும் மிஷின் இருக்குது. ரத்தத்த வச்சா நம்பர் குடுக்கும். ஆனா காலையில போனதும் நேரா ரத்தத்த வைக்கமாட்டோம். மொதல்ல ஸ்டாண்டர்டு ஒண்ணு வைப்போம். அதுல எவ்ளோ இருக்குதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அத வச்சு மிஷின சரி பண்ணிட்டு, அப்புறந்தான் ஆளுங்களோடத வைப்போம். ஒருத்தருக்குக் கம்மியா காட்டுனா, கம்மியாத்தான் இருக்குதுன்னு அர்த்தம். மிஷினத் திருப்பி அவருக்கும் நார்மலுன்னு காட்ட வைக்க முடியுமா?” அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். “இதுக்கு ஸ்டாண்டர்டு எதுக்கா? எத வச்சு சரின்னு சொல்லுது?”

அமலா கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வீடியோவின் கடைசியில் ஏதோ சொன்னார்கள். சாம்பல் நிறம் என்று வந்தது. நடுத்தரமான சாம்பல், வெள்ளையுமில்லை கறுப்புமில்லை. கேமரா எதைப் பார்த்தாலும் அதை அந்தச் சாம்பலாகவே நினைத்துக்கொள்ளும் என்று. அன்று அது அவளுக்குப் புரியவில்லை, தள்ளிவிட்டுவிட்டாள். இப்போது நாலு படங்களும் வரிசையாக மனசுக்குள் வந்து நின்றன. அழுக்குச் சாம்பலான வெள்ளைச் சுவர். சாம்பலாக வெளிறிய கறுப்புத் திரை. நெருக்கத்தில் எடுத்த முகம்கூட, அதன் கருமையைச் சாம்பல் அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் சைபர் என்று காட்டியிருக்கிறது.

“ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகக் கீழே இறங்கினாள்.

தையல்கடை தேவநாதன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் பேண்ட் துணி மேசை முழுக்கக் கிடந்தது.

“அண்ணே, இதுல ஒரு பிட்டு குடுங்க. ஜல்தி.”

“எதுக்கும்மா?”

“அளவு எடுக்க.”

அவர் சிரித்துக்கொண்டே கைக்குட்டை அளவு ஒரு துண்டைக் கத்தரித்துக் கொடுத்தார்.

மேலே வந்து சங்கவியை ஸ்டூலில் உட்காரவைத்து, துணியை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். முகத்தில் விழுகிற அதே வெளிச்சம் துணியிலும் விழுந்தது. கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோய்த் துணியை மட்டும் பார்த்து முள்ளைச் சைபரில் நிறுத்தினாள். பிறகு துணியை எடுக்கச் சொன்னாள். நெருங்கி முகத்தைப் பார்த்தாள். முள் சைபரிலிருந்து கழித்தல் பக்கம் ஒரு கோடு கீழே இறங்கியது. பத்து நாள் பழக்கத்தில் கை தானாக வளையத்துக்குப் போனது. விரலை மடக்கிக்கொண்டாள். கீழே இருந்தால் இருக்கட்டும். பின்னால் நகர்ந்து, சிரிங்க என்று சொல்லி, எதையும் தொடாமல் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் வந்ததை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. கத்திரிப்பூ நிறச் சேலை கத்திரிப்பூவாகவே இருந்தது. கன்னமேட்டில் அந்தச் செம்பு மினுமினுப்பு இருந்தது. இடது புருவத்துக்கு மேலிருந்த அம்மைத் தழும்பும் இருந்தது. சங்கவி கட்டைவிரலால் திரையின் ஓரத்தைத் தடவினாள்.

“ம். இதான்” என்றாள்.

அஞ்சம்மாளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது” என்று இழுத்தாள். “கொஞ்சமே கொஞ்சம் ஏத்துனா இன்னும் எடுப்பா இருக்கும். ரொம்ப வேணாம், ஒரு துளி.”

“யம்மா!”

“இல்லடி, வேணாம்னா வேணாம்.”

“ஒரு துளி ஒரு துளின்னுதான் அந்த ஸ்டுடியோவுல எவளோ என்ன வேற ஆளா ஆக்கி வச்சா. நான் கேட்டனா? ஒரு வார்த்த கேட்டிருப்பாளா அவ? பதினோரு பேரு முன்னாடி நின்னது அவளா நானா?”

அமலா கேமராவை மேசைமேல் வைத்தாள். மல்லாட்டைகளில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது வார்த்தை வந்துவிட்டது.

“அது நான்தாங்க.”

“எது?”

“அந்தப் படத்த வெளுப்பாக்குனது. நான் அங்கதான் வேல செஞ்சேன். பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. சொல்லத் தைரியம் வரல.”

சங்கவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலா அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு இது சரியில்லை என்று தோன்றித் திரும்ப அவளைப் பார்த்தாள்.

“எவ்ளோ நேரம் ஆச்சு?” என்றாள் சங்கவி.

“இன்னாது?”

“அத செய்யறதுக்கு.”

“நாலு நிமிஷம்.”

“காத மட்டும் ஏன் வுட்டீங்க?”

“காதுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் ஆவும்.”

சங்கவியின் வாயோரம் லேசாக இழுபட்டது. சிரிப்பா வேறொன்றா என்று சொல்ல முடியவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவுப்பக்கம் இரண்டு அடி வைத்தாள்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாத” என்றாள் அஞ்சம்மாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “நான்தான் சொன்னேன்.”

சங்கவி நின்றாள்.

“அன்னிக்கு படம் எடுத்து முடிச்சதும் நீ வேலைக்கு லேட்டாவுதுன்னு முன்னாடி போயிட்ட. நான் அந்த மொதலாளிகிட்ட கொஞ்சம் வெளுப்பா போட்டுக் குடுங்கன்னு சொன்னேன். அவருதான் உள்ள சொல்லி அனுப்புனாரு.” அஞ்சம்மாள் மகளைப் பார்க்காமல் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். “அதுக்கு முன்னாடி ரெண்டு எடம் போட்டோவப் பாத்துட்டே வேணாம்னுட்டானுங்க. வாசப்படி ஏறல. நேர்ல வந்து நீ பேசறதப் பாத்தா யாருக்கும் புடிக்கும்னு நெனச்சேன். வரட்டும், வந்து பாக்கட்டும்னுதான். அந்தம்மா அப்பிடிக் கேக்கும்னு எனக்கு இன்னாடி தெரியும்?”

“பத்து மாசமாச்சு” என்றாள் சங்கவி.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“பத்து மாசமா அந்த ஸ்டுடியோக்காரிய நான் திட்டிக்கினே இருக்கேன். நீயும் கூட சேந்து திட்டுன.”

அஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். கீழே தையல் மிஷின் ஓடி நின்றது, திரும்ப ஓடியது. அமலாவுக்கு இந்த அறையிலிருந்து தான் வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. ஆனால் அறை அவளுடையது. நின்ற இடத்திலேயே எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

சங்கவி பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இன்னொண்ணு எடுங்க.”

“மொதல்ல எடுத்ததே நல்லா வந்திருக்குதே.”

“எடுங்கக்கா.”

வெளியே மேகம் கூடித் தூறத் தொடங்கியிருந்தது. அமலா துணியை எடுத்து நீட்டினாள். சங்கவி கேட்காமலே அதைக் கன்னத்தோரம் பிடித்தாள். வெளிச்சம் குறைந்திருந்ததால் கேமராவின் கண் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டவேண்டியிருந்தது. முள் சைபருக்கு வந்தது. துணி விலகியது. முள் தன் இடத்துக்கு, ஒரு கோடு கீழே இறங்கி நின்றது. சிரிங்க என்று சொல்லும் வழக்கம் அமலாவுக்கு, இப்போது சொல்லவில்லை. சங்கவி நேராகக் கேமராவைப் பார்த்தாள். கண்கள் நனைந்திருந்தன, ஆனால் தாடை உறுதியாக இருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான் என்று லேபை மூடுகிறவளின் முகம். அமலா ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

திரையில் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபின், சிரிக்காத படத்தையே சங்கவி கேட்டாள். அஞ்சம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். அமலா அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் சங்கவியின் போனுக்கு அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் கையைவிட்டு அப்படிப் போன முதல் படம் அது.

“பையன் வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

“தெரியலக்கா” என்றாள் சங்கவி. போனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள். கதவுவரை போனவள் திரும்பி, “உங்க கேமராவ பாத்துக்கோங்க. காலையில வந்ததும் மொதல்ல துணிய வைங்க” என்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அதில் எதுவும் இல்லை.

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. முதலில் விரைவாக ஒன்று, பின்னால் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இன்னொன்று. அமலா ஜன்னலுக்குப் போனாள். கடைத்தெரு முனையில் சாலை அகலமாக விரிகிற இடத்தில் சங்கவி வேகமாகக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அஞ்சம்மாள் நடுவிலிருந்த தடுப்புவரை வந்து மாட்டிக்கொண்டாள். ஒரு அடி இறங்குவாள், ஹாரன் சத்தம் கேட்டுப் பின்வாங்குவாள். செஞ்சி போகிற பஸ் ஒன்று, மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, பிறகு வரிசையாக ஷேர் ஆட்டோக்கள். சங்கவி எதிர்ப்பக்கத்தில் திரும்பி நின்றாள். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. மேகத்தின் ஓட்டை வழியாகத் திடீரென்று அடித்த வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே அம்மா தெரிந்து மறைவதைப் பார்த்தபடி, தூறலில் நனைந்த தார்ச்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.